ஏறும்போது படுத்துக்கொண்ட முள்

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை எங்கள் ஊரான சந்தவாசலுக்கு அழைத்து வரவேண்டும். வண்டி, என் கணவர் உயிராக வைத்திருக்கும் பழைய அம்பாசிடர்.

கர்ப்பிணியை வைத்துக்கொண்டு மலை இறங்கும்போது வேகம் முப்பது கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது என்று முருகன் படத்துக்கு முன் கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனால் வேகம் காட்டும் மீட்டர் முள்ளோ இஷ்டத்துக்கு ஆடும். கியர் பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளைப் புதிதாகப் போட்டும் அடங்கவில்லை.

வளைகாப்புக்காக மலை ஏறும்போது அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். ஏற்றத்தில் வண்டி முக்கும்போதெல்லாம் படுத்துவிடும். கொஞ்சம் சமமாகப் போனால் எழுந்துகொள்ளும்.

"இன்னாங்க, ஏறும்போது மட்டும் படுத்துக்குது?"

"உன்ன மாதிரிதான். மேடுன்னா அதுக்கும் மூச்சு வாங்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

வளையல் போட்டு, சாப்பாடும் ஆயிற்று. கிளம்பும் நல்ல நேரம் நெருங்கியது. மீட்டரைப் பார்க்காமல் மகளை ஏற்றமாட்டேன் என்றேன். சம்பந்தி மலையில் ஜீப் ஓட்டுபவர்.

"என் ஜீப்புல மீட்டர் இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்குது தங்கச்சி. நான் ஓட்டலியா?"

"நீங்க ஓட்டுங்கண்ணா. இறங்கப் போறது புள்ளத்தாச்சியாச்சே!"

அவர் வண்டிக்கு அடியில் கேபிளின் கீழ்முனையைக் கழற்றி, உள்கம்பியை விரலால் சுழற்றினார். முள் துள்ளி எழுந்தது. மீட்டரும் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது!

"ஏறும்போது மட்டும்தாண்ணா படுக்குது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏறும்போது மட்டுமா?"

கேபிளை மாட்டினார். சக்கரங்களுக்குக் கல் வைத்து, கணவரை இஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே கிளச்சை லேசாக விடச் சொன்னார். தள்ளி நின்று குனிந்து பார்த்தோம். கியர் பாக்ஸ் மூச்சு இழுப்பதுபோல மேலே எழும்பியது. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. ஏற்றத்தில் கியர் பாக்ஸ் இப்படி எழும்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு, உள்கம்பி மீட்டரை விட்டு நழுவியிருக்கிறது.

"எறக்கத்துல திடீர்னு பிரேக் புடிச்சா இஞ்சின் முன்னால சாஞ்சி, ஃபேன் போய் ரேடியேட்டர்ல இடிக்கும். நடுமலையில வண்டி நின்னா, இவள வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

இன்றைக்குக் கிளம்பவேண்டாம் என்றேன்.

"நல்ல நேரம் போய்டுமே!" என்றார் சம்பந்தியம்மா. நானும் நேரம் காலம் தவறாமல் பார்க்கிறவள்தான். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, மகளின் துணிப்பையை மட்டும் எதிர் வீட்டில் பரஸ்தானமாக வைத்தேன். நல்ல நேரத்தில் புறப்பட்டதாக அர்த்தம்.

"பை போய்டுச்சி, பொண்ணு பொறுமையா வரட்டும்" என்றார் கணவர்.

போளூரிலிருந்து ரப்பர் வரவழைத்து, மறுநாள் மாட்டினார்கள். இறங்கும்போது முள் முப்பதுக்குக் கீழேயே ஒழுங்காக நின்றது. மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். இப்போது பேரன் ஓடி விளையாடுகிறான்.

கெட்டுப்போனது என்று நாங்கள் திட்டித் தீர்த்த மீட்டர்தான் எங்களை எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முருகன்தான் என்னைக் கேட்க வைத்தான் என்று நம்புகிறேன். அதனால் இப்போதெல்லாம் வீட்டில் ஒரு பொருள் மக்கர் செய்தாலும், ஒரு மனிதர் முகம் சுளித்தாலும், கோபப்படுவதற்கு முன், "இது எப்போதெல்லாம் இப்படி ஆகிறது?" என்று நின்று யோசிக்கிறேன்.