வெமின் வெட்டிய வடிகால்

வெமின் வாயாடி என்று எங்கள் சதுப்பில் பேசுவார்கள். பேசட்டும். அவள் வாய் திறந்ததற்குக் காரணம் தெயி என்ற மகராசன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவளை மட்டும் வாயாடி என்பது என்ன நியாயம்?

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வெமின். வரும்போது தாய்வீட்டிலிருந்து ஒரு கூடை சிவப்புத்தண்டு சேம்புக் கன்றுகளைச் சுமந்துகொண்டு வந்தாள். கூரியின் தோட்டம் ஆற்றை ஒட்டிக் கடைசியில் இருந்தது. அதற்கு நேர் மேலே கூரியின் அண்ணன் தெயியின் தோட்டம்.

எங்களுக்குத் தண்ணீர் வருவது கவலையில்லை, போகாததுதான் கவலை. மழைக்கு முன்னால் அவரவர் தோட்டத்து வடிகாலை அவரவர் தூர்வார வேண்டும். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மண்ணடைப்பு நிற்கும். மேலே இருப்பவர் கீழே பார்த்து, “போகுதா?” என்று கேட்பார். கீழே இருப்பவர், “போகுது” என்று சொன்ன பிறகுதான் அடைப்பை உடைக்கலாம். வடிகால் யாருடையதோ அவரைத்தான் கேட்க வேண்டும். வேறொருவரைக் கேட்டால், வடிகாலே அவருடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

அந்த வருஷம் தாழை மரத்தில் காய் பறிக்க ஏறிய கூரி கீழே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். வடிகால் வெட்டுவது ஆண்கள் வேலை. பெண் மண்வெட்டியைத் தொட்டால் சேம்பு அழுகிவிடுமாம். அதே பெண் நடுவாள், களை பிடுங்குவாள், கிழங்கைச் சுமந்து வந்து சுட்டும் போடுவாள். அப்போதெல்லாம் அழுகாத சேம்பு, மரத்தில் செதுக்கிய ஒரு மண்வெட்டியை அவள் தொட்டதும் அழுகிவிடுமாம்!

வெமின் தெயியிடம் போய் நின்றாள். “பெரியத்தான், உங்க தம்பி எழுந்திரிக்க முடியாம கெடக்காரு. ஆள் விட்டு எங்க வடிகாலையும் வாரிக் குடுங்க.”

“அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? நாளைக்கே ஆள் வருது, போ.”

அந்த நாளை வரவேயில்லை. முதல் மழை வந்தது. கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை, தெயி அடைப்பை உடைத்துவிட்டான். அவன் தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் கூரியின் தோட்டத்தில் வந்து தேங்கியது. வெமினின் தாய்வீட்டுச் சேம்பு கழுத்துவரை மூழ்கி நின்றது.

ஊர் கூடியது. பெரியவர் பராக் தாடியைத் தடவினார். “அடுத்த அமாவாசை வரைக்கும் தண்ணி நின்னா அது சதுப்போட நிலம். அப்புறம் யார் வடிய வெக்கிறாங்களோ அவங்களுக்குத்தான். இது தெரிஞ்சதுதானே?”

“தம்பி நிலம் வீணாப் போக விடுவேனா? நானே வடிய வெச்சுக்கறேன்” என்றான் தெயி, பெரிய தர்மவான் மாதிரி. ஆள் அனுப்பாததன் சூட்சுமம் அப்போதுதான் வெமினுக்கு விளங்கியது.

மறுநாள் காலை, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், கூரியின் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வடிகாலில் இறங்கினாள். முதலில் தெயி உடைத்த அடைப்பைச் சேறும் கோரையும் வைத்து மீண்டும் கட்டினாள். பிறகு ஆற்றுப்பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். கரையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

“ஏ புள்ள, சேம்பு அழுகிடப் போவுது!”

“ஏற்கெனவே அழுகிட்டுத்தான்யா இருக்கு! அழுக வெச்சவன் ஆம்பளைதான். அவனைப் பார்த்துச் சிரி!”

உள்ளங்கை கொப்புளித்தது, கொப்புளம் உடைந்தது, வாழைநாரைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். கூரி படுத்தபடியே, மழுங்கிய மண்வெட்டியின் விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தான். அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் ஆற்றை நோக்கி ஓடியது. சேம்பில் பாதி பிழைத்திருந்தது.

தெயி ஓடிவந்து ஊரைக் கூட்டினான். “பொம்பளை வெட்டினது வெட்டினதா ஆகுமா? எந்த ஆம்பளை வெட்டினான், சொல்லுங்க. அமாவாசை கழிஞ்சு நான் ஒரு தடவை மண்வெட்டி போட்டா நிலம் எனக்கு.”

பெரியவரும் மற்ற ஆண்களும் ஆகாது என்று தலையை ஆட்டினார்கள்! அத்தனை ஆண்களும் கண்ணால் பார்த்த வேலை. பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்ட எப்படித்தான் மனசு வந்ததோ!

வெமின் எழுந்தாள். “சரிங்க. நான் வெட்டினது கணக்குல இல்ல. அப்படின்னா இங்க வடிகாலே இல்ல. இல்லாத வடிகால்ல பெரியத்தான் தண்ணி எப்படிப் போகும்? அது அவர்கிட்டயே இருக்கட்டும்.”

போய் அடைப்பின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் மண்வெட்டி.

அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் விடவில்லை. தெயியின் தோட்டத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவனுக்கும் மேலே தோட்டம் போட்டிருந்தவர்களுக்கும் தண்ணீர் எதிர்த்து ஏறியது. நேற்றுத் தலையாட்டிய அதே ஆண்கள் இன்று தெயியைத் திட்டினார்கள்.

“உன் பேராசைக்கு எங்க சேம்பும் சாகணுமா? போய்க் கேளுய்யா!”

தெயி சேற்றில் தடுமாறியபடி வந்தான். வெமினைப் பார்க்காமல், தோட்டத்து ஓரத்தில் கூரி படுத்திருந்த குடிசைப் பக்கம் திரும்பிக் கத்தினான். “கூரி! போகுதா?”

உள்ளேயிருந்து கூரியின் குரல் வந்தது. “எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? நான் வெட்டலையே. வெட்டினவளைக் கேளு.”

கரை முழுக்க ஆட்கள். பராக்கும் நனைந்துகொண்டு நின்றார். தெயி அடைப்புப் பக்கம் திரும்பினான். தண்ணீர் அவன் தொடைக்கு வந்துவிட்டது.

“போகுதா?” என்றான் மெதுவாக.

“யாரைக் கேக்கறீங்க பெரியத்தான்?”

“உன்னைத்தான்.”

“எனக்குப் பேர் இருக்கு.”

“வெமின்... போகுதா?”

அவள் எழுந்து, கீழே தன் வடிகாலை ஆறுவரைக்கும் ஒருமுறை பார்த்தாள். வழியில் மிதந்த ஒரு கோரைத் தாளை நிதானமாக எடுத்துக் கரையில் போட்டாள்.

“போகுது” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தாள். “நீங்க கட்ட வெச்ச அடைப்புதானே. நீங்களே உடைங்க.”