பாட்டு இல்லாத பஸ்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி வந்து நின்றதும் எல்லோரும் ஓடி இடம் பிடிப்பார்கள். எங்கள் ஹெட்கிளார்க் மட்டும் படிக்கட்டு வரை போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். உள்ளே பாட்டு ஓடினால் ஏறமாட்டார். சில நாள் மூன்று, நான்கு வண்டிகளைக்கூட விட்டுவிட்டு, பாட்டுப்பெட்டி இல்லாத ஏதாவது ஓட்டை அரசு பஸ் வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஏறுவார். நானும் சிதம்பரம்தான். அவரைத் தனியே விட்டுவிட்டு ஏற மனம் வராமல் கூடவே நிற்பேன். கால் கடுக்கும்போது, 'என்ன மனுஷன்டா சாமி இவரு' என்று எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவர் வாகு அப்படி. யாராவது ஃபைலை மேஜைமேல் தொப்பென்று போட்டால் அவருக்கு உடம்பு தூக்கிப்போடும். ஆபீசர் வேறு யாரையோ திட்டினால், இவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். தொட்டாச்சிணுங்கி என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன். ஆனால் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவரைப் பார்க்கவேண்டும். ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, தண்ணீரில் சாயங்கால வெயில் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் கலங்கிவிடும். "இது போதும்மா. நாள் பூரா பட்டதெல்லாம் கழுவிட்டுப் போயிடுது" என்பார். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு எந்தப் பட்டுப்புடவையிலும் கிடைத்ததில்லை. உள்ளபடியே பொறாமையாக இருக்கும்.

2009-இல் அவர் ரிட்டயர் ஆனார். அதற்கு இரண்டு வாரம் முன்பு என் டைப் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மைக் வேணாம்மா, மாலை வேணாம், வேனும் வேணாம். கடைசி நாளும் அதே பஸ்ல, அந்தப் பாலத்தப் பாத்துக்கிட்டே வூட்டுக்குப் போயிடுறேன். நீ எப்படியாச்சும் சங்கத்து ஆளுங்ககிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிடுறேன் சார் என்றேன்.

ரிட்டயர் ஆகிறவரை மைக் வைத்துப் புகழ்ந்து, மாலையும் கழுத்துமாக வேனில் ஏற்றி வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். நான் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் வாயால அப்படித்தான் சொல்லுவாங்க. நாமதான் ஜாஸ்தியா செய்யணும்" என்று சிரித்தார் சங்கச் செயலாளர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் பக்கத்துப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால்தான் இன்னொரு கரண்டி விழும். ஒரு மனுஷர் நிஜமாகவே வேண்டாம் என்கிறார் என்பதை நான் எப்படி நம்பவைப்பேன்? கடைசியில் மைக்கை என் கையிலேயே திணித்தார்கள். நானும் பேசித் தொலைத்தேன், பத்து நிமிஷம்.

வேனில் பாட்டு அலறியது. அவர் மடியில் ஷீல்டும் பழத்தட்டும். காதைப் பொத்தக்கூடக் கை ஒழியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. "பாருங்க, சாருக்கு ஆனந்தக் கண்ணீரு!" என்று கைதட்டினார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "சும்மா இருங்கக்கா, நல்ல நாள் அதுவுமா" என்று பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பாலம் வந்தது. ஜன்னலை மறைத்து ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ஓரமாக நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தனை இரைச்சலிலும் என் முகம் வாடியிருந்ததை அவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார். மாலையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து, "வுடும்மா, நீ நல்லாத்தான் பேசுன" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.