லிப்டக்காவின் மேசை

கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீர். அதில் இருபது முகப் பகடை ஒன்று மிதக்கிறது. லிப்டக்கா அதை விரலால் சுண்டிவிட்டு எந்த எண் மேலே வருகிறது என்று பார்க்கிறாள். மறுபடி சுண்டுகிறாள். ஐந்து தடவையும் பதினெட்டே வந்தால் பகடையில் ஒரு பக்கம் கனம் என்று பொருள். "களவாணி" என்று குப்பைக்கூடையில் எறிகிறாள். ராசியான பகடை என்று ஆறு மாதமாக அதைக் கொண்டாடியவளும் அவள்தான்.

வாரநாட்களில் லிப்ட் பழுது பார்க்கிற வேலை. நகக்கண்ணில் கிரீஸ், நெற்றியில் டார்ச் பட்டையின் தடம். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை பார்ப்பாள். "பதறாதீங்க, அறுந்து விழறதெல்லாம் சினிமாலதான்."

ஞாயிறு பிற்பகல் மட்டும் அவள் வேறு ஆள். விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் ஆறு பேரை உட்காரவைத்துக் கதையாட்டம் நடத்துகிறாள். மாதம் ஒரு அத்தியாயம் ஆட்டச் சங்கத்தின் தலைமையகத்திலிருந்து வரும். அதையே பல ஊர் மேசைகளிலும் ஆடுவார்கள். கதையைச் சொல்வதும் எதிரே வருகிறவர்களாகப் பேசுவதும் அவள்; மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடவேண்டும். அந்தப் பாத்திரம் வென்றதும் தோற்றதும் ஒரு தாளில் பதிவாகும். அந்தத் தாளோடு எந்த ஊர் மேசையிலும் போய் உட்காரலாம். பன்னிரண்டு அத்தியாயமும் செல்லுபடியானால், நூறு மேசைகள் கூடும் ஆண்டு ஆட்டத்துக்கு அழைப்பு வரும். இவள் மேசை பதினொன்றை முடித்திருந்தது.

கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், இவளுக்கு இறங்கும். "அக்கா மெதுவா பேசறாங்க, தள்ளி உக்காருங்க" என்பார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர் தபால் பிரிக்கும் அண்ணன். வாய் திக்கும். அவர் எடுத்திருப்பதோ பேசியே ஆளை மயக்கும் பாணன் வேஷம். "இவருக்கு இந்த வேஷமா?" என்று இன்னொருவரான கல்லூரி வாத்தியார் வந்த புதிதில் ஒருமுறை கேட்டுவிட்டார். "கத்தியில காய் நறுக்கத் தெரியாத நீங்க வீரனா வரலையா?" என்றாள் லிப்டக்கா.

பன்னிரண்டாம் அத்தியாயத்தன்று தலைமையகத்தின் ஒருங்கிணைப்பாளர் மேற்பார்வைக்கு வந்தார். கழுத்தில் அட்டை, கையில் படிவம். கதையில் பாணன் கோட்டைக் காவலனிடம் பேசிக் கதவைத் திறக்கவைக்க வேண்டிய இடம். தபால் அண்ணன் ஆரம்பித்தார். "கா... கா... காவலரே, நா..." ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், நாலு மணி நேரத்துல முடிக்கணும். அவரை எழுதிக் காட்டச் சொல்லுங்க. இல்லன்னா பக்கத்துல இருக்கறவர் பேசட்டும்."

தபால் அண்ணன் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டார். பழகிப்போனவர்போலக் குனிந்து பென்சிலை எடுத்தார். லிப்டக்கா அந்தப் பென்சிலைப் பார்த்தாள். தபாலாபீஸ் கவுன்டரிலிருந்து கல்யாண வீடு வரை, இந்த மனுஷன் வாயைத் திறந்ததும் எவனோ ஒருவன் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவைக்கிறான். இங்கேயுமா?

"அடுத்தவன் வாயால பேசணும்னு விதிப்புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"நேரக் கணக்கு இருக்கே மேடம்."

"இருக்கு. முடியலன்னா முடியலன்னு எழுதிக்குங்க. அவர் பேச்சை அவர்தான் பேசுவார்."

"எழுதினா இந்த அத்தியாயம் செல்லாது. ஆறு பேருக்கும் ஆண்டு ஆட்டம் கிடையாது."

ஒரு வருஷ உழைப்பு, அவளுடையது மட்டுமல்ல. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"நா... நான் வி... விலகிக்கறேன்" என்றார் தபால் அண்ணன்.

வாத்தியார் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். "உக்காருங்கண்ணே. அவர் செல்லாதுன்னு எழுதிட்டுப் போகட்டும்."

மற்ற நால்வரும் தலையசைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் படிவத்தில் 'செல்லாது' என்று எழுதி, ஒரு பிரதியைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாற்காலியைக்கூட உள்ளே தள்ளவில்லை.

தபால் அண்ணன் இன்னும் எழுதத் தயாராகத்தான் இருந்தார். லிப்டக்கா அவர் விரல்களிலிருந்து பென்சிலை உருவித் தன் காதில் செருகிக்கொண்டாள். "யாரது, கோட்டை வாசல்ல?" என்று காவலன் குரலில் கேட்டுவிட்டு, முகவாயைக் கையில் தாங்கிக் காத்திருந்தாள்.