தேவயானி கை பட்ட லேப்டாப்கள்

அரக்கோணம் சாலையில் இருந்த சந்திரமோகனின் லேப்டாப் கடைக்கு வருகிறவர்கள் அவனைத் தேடி வந்ததில்லை. "அந்தப் பொண்ணு வந்துகீதா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெண் தேவயானி, அவன் மனைவி பிரேமாவின் தங்கை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள்.

முதலில் அங்கே ரீசார்ஜும் ஜெராக்ஸும்தான் ஓடின. ஊரடங்கில் பாடமெல்லாம் திரைக்கு மாறியபோது, அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் திரை வராது. தேவயானி முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே முனகிக்கொண்டு சுழன்ற ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினாள். அதில் சுழலும் தகடு கிடையாது, பென் டிரைவில் இருப்பதுபோல வெறும் சிப்தான். அதே லேப்டாப் பத்து நொடியில் எழுந்துகொண்டது.

பேச்சு பரவி, பொதட்டூர்பேட்டையிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நகரிக்காரர்களிடம் தெலுங்கிலேயே பேசி அனுப்புவாள். கடைக்குப் பெரிய போர்டு வந்தது. போர்டில் சந்திரமோகன் பெயர் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியறையில் இருப்பு, அக்கா கையால் சாப்பாடு. கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

வேலை அவளுடையது, சரக்கு வாங்குவது பாவாவுடையது. அக்கா கணவன் சந்திரமோகனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வாரம் ஒருமுறை சென்னைக்கு ரயிலேறிப் போய் வருவான். சிப் விலை ஏறிக்கொண்டே போன அந்த வருடம், அவன் மட்டும் எங்கிருந்தோ எஸ்.எஸ்.டி.களை மலிவாகப் பிடித்து வந்தான். முதல் பெட்டியைப் பிரித்தபோதே தேவயானிக்கு ஒன்று உறுத்தியது. எஸ்.எஸ்.டி.யின் மேலிருந்த ஸ்டிக்கர் கோணலாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் ஓரம் தெரிந்தது. பாவாவிடம் கேட்டாள். கம்பெனி பேக்கிங்கை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான் என்றான். சோதித்துப் பார்க்கும் மென்பொருளும் புதுசு என்றே காட்டியது. மாட்டத் தொடங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்செல்வி தன் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போட வந்தாள். கூலி வேலை செய்கிற வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய பெண். சென்னையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விசைத்தறியில் வேலை செய்யும் பெண்களுக்குக் காது மந்தமாவதைப் பற்றியது. அறுபத்துமூன்று பெண்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்து, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து அந்த லேப்டாப்பில் வைத்திருந்தாள். இரண்டு வருட உழைப்பு. எழுதியதை மட்டும் அவ்வப்போது இணையத்தில் ஏற்றி வைப்பாள். ஒலிப்பதிவுகளுக்கு அங்கே இடம் பத்தவில்லை.

பழைய டிஸ்க்கைக் கடையில் கொடுத்தால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி என்பது சந்திரமோகன் வைத்திருந்த வழக்கம். தமிழ்செல்வி தயங்கினாள்.

"பழச நானே வெச்சிக்கிறேன்க்கா. அதுலதான் எல்லாம் கீது."

"எல்லாத்தையும் புதுசுல ஏத்திட்டேன்மா. இது சத்தம் போட்டுகினு ஒருநாள் நின்னுடும். புதுசு பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்ல?"

தமிழ்செல்வி பழையதைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது கடையில் ஆடிக்கிருத்திகைக் கூட்டம். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் போனுக்குச் சார்ஜ் போடக் கேட்டு நின்றிருந்தார்கள். காலையில் ஆன் செய்தால் டிஸ்க்கே இல்லை என்று வருகிறது என்றாள். தேவயானி கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். வயரை மாற்றினாள், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள். ஹார்டு டிஸ்க் சாகும்போது டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். நேரத்தோடு பார்த்தால் பாதியாவது எடுத்துவிடலாம். இது எந்தச் சத்தமும் இல்லாமல் போயிருந்தது.

மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே கட்டைவிரல் அளவு போர்டு. சிப்பின் மேலிருந்த நம்பரை உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். எதிலிருந்தோ பிடுங்கிய பழைய சிப், ஓரமெல்லாம் பற்றவைத்த கறை. தமிழ்செல்வி பழைய டிஸ்க்கைக் கேட்டாள். அதில் இருந்ததையெல்லாம் அப்போதே அழித்துவிட்டு, சந்திரமோகன் அதைச் சென்னையில் விற்றிருந்தான்.

அன்று மாலை தேவயானி பாவாவிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"நீதான மாட்டுன? ஸ்டிக்கர் கோணலா கீதுன்னு நீயேதான கேட்ட? கேட்டுட்டு, அப்பாலயும் மாட்டுன. இப்ப வந்து என்னிய மட்டும் கேக்குற."

அந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடு, வாங்கினவர்களுக்குச் சொல்லிவிடு என்று மட்டும் கெஞ்சினாள். அப்படிச் சொன்னால் அதோடு கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றான்.

மறுநாள் வேலை நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். தமிழ்செல்வியுடையது போக, அந்தச் சரக்கை மாட்டியது நாற்பத்தொரு லேப்டாப்களில். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, உள்ளே இருப்பதை உடனே வேறெங்காவது நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அது நல்ல சரக்கில்லை என்றாள். இருபத்தேழாவது போனில் பிரேமா மாடியேறி வந்து நின்றாள்.

"அவரு தப்பே பண்ணாருன்னு வெச்சிக்கோ. அத நீ ஊருக்குச் சொல்லுவியா? ரெண்டு பொம்பளப் பசங்கள வெச்சிகினு நான் எங்க போறது?"

தேவயானி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மிச்சம் பதினான்கு பேருக்கும் பேசி முடித்தாள்.

இரண்டு நாளில் கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. சந்திரமோகன் அலட்டிக்கொள்ளவில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு மச்சினிச்சி தனியாகச் சரக்கு எடுத்து மாட்டிவிட்டாள், குட்டு வெளிப்படும் என்று பயந்து அவளே எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறாள், நான் மாற்றித் தருகிறேன் என்றான். வந்தவர்களுக்கு மாற்றியும் கொடுத்தான். முதலில் எல்லோரிடமும் லேப்டாப்பை வாங்கிக் கழற்றி மாட்டிக் கொடுத்தது தேவயானி. அவர்களுக்குத் தெரிந்த முகமும் அவள் முகம்தான். அக்காவைப் பார்த்தாள். பிரேமா தலையைக் குனிந்துகொண்டு, "ஆங், அவதான்" என்றாள்.

நகரிக்காரர் ஒருவர் தெலுங்கில் திட்டினார். இத்தனை நாள் அவரிடம் அந்த மொழியில் சிரித்துப் பேசியவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

தமிழ்செல்வி அந்தக் கூட்டத்தில் இல்லை. தேவயானியே அவள் வீட்டுக்குப் போனாள். கூட வந்து தறிக்காரப் பெண்களை மறுபடி பார்க்கிறேன், பதிவு செய்து தருகிறேன் என்றாள். தமிழ்செல்வி ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தாள். அந்தப் பெண்களில் இருவர் செத்துப்போயிருந்தார்கள். மற்றவர்களில் பலர், சொன்னதையே எத்தனை தடவை சொல்வது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். உதவித்தொகைக்கான காலமும் முடிகிற நிலையில் இருந்தது.

"உங்க பாவா ஏமாத்துனாரா, நீங்க ஏமாத்துனீங்களா, அது எனக்கு வேணாம்க்கா. பழச நான் குடுக்கமாட்டேன்னு சொன்னேன். நீங்க சொன்னீங்கன்னுதான் குடுத்தேன்."

தேவயானி எழுந்து வந்துவிட்டாள்.

கிடைத்த மிச்சத்தை வைத்து எழுத முடியாமல் தமிழ்செல்வி ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள். அந்த நாற்பத்தொன்றில் எத்தனை செத்தன, யார் யார் நகல் எடுத்துத் தப்பித்தார்கள் என்று தேவயானிக்குத் தெரியாது. ஒருவரும் திரும்பப் போன் செய்து சொல்லவில்லை. சந்திரமோகன் சோளிங்கரில் இரண்டாவது கடை திறந்தான். திறப்பு விழாப் பத்திரிகை அவளுக்கு வரவில்லை.

அக்கா வீட்டை விட்டுக் கிளம்பியவள் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சார்ஜர் போர்டுகளைச் சோதிக்கிறாள். விடிகாலையில் கம்பெனி பஸ் வரும். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண், வீட்டில் லேப்டாப் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, என்னவோ எஸ்.எஸ்.டி. போட்டால் சரியாகிவிடுமாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.