கொழுந்தனின் படிப்பு இருந்த பாட்டில்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஓர் ஆராய்ச்சியை ஐந்தாறு மணி நேரம் நிறுத்தி வைத்த பெருமை எனக்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது.

அப்போது சங்கரன்கோவிலில் எங்களுக்கு மருந்துக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் நடை. அந்த நடையில் ஒரு ப்ரிஜ் நிற்கும். அதில் இன்சுலினும் தடுப்பூசி மருந்தும் மட்டுந்தான் இருக்கலாம். ஒரு சொம்பு தண்ணீர் வைக்கக்கூட என் வீட்டுக்காரர் விடமாட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சரஸ்வதி பூஜை லீவுக்கு, மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் கொழுந்தன் வந்தார். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் ஒரு பிளாஸ்கை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“ஏலே, மதுரையிலேர்ந்து காப்பியா சுமந்துட்டு வாரே?” என்றார் அத்தை.

“காப்பி இல்லம்மா. தெறக்காத, தெறக்காத!”

உள்ளே ஐஸ். ஐஸுக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பாட்டில். கல்லூரி ப்ரிஜ் கெட்டுவிட்டதாம், லீவு முடிந்துதான் ஆள் வந்து பார்ப்பார்களாம். அதுவரை அண்ணன் கடை ப்ரிஜ்ஜில் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டுக்கு எழுதி, ஒரு வருசம் காத்திருந்து வாங்கியது. கடைசிச் சோதனை ஒன்றுக்குத்தான் அளவு போதும். கெட்டுப்போனால் இன்னொரு வருசம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர் படிப்பின் கெடு முடிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் இன்சுலின் டப்பாக்களை ஒதுக்கி இடம் கொடுத்தார். எனக்குக் கிடைக்காத இடம்.

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் எதிரே உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

“மதினி, நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு மாதிரி. வாசக்கதவுல பூட்டு இருக்குல்லா, அதே மாதிரி செல்லுக்கு வெளிப்பக்கம் ஒரு புரதம் இருக்கு. ஏற்பின்னு பேரு. சாவி மாதிரி ஒண்ணு வந்து அதுல பொருந்துனாத்தான் உள்ள சேதி போவும். எந்த வீட்டுல அந்தப் பூட்டு இருக்குன்னு, பாட்டில்ல இருக்க இந்த ஆன்டிபாடி தேடிப் போய் ஒட்டிக்கிடும். வேற எதுலயும் ஒட்டாது.”

“ஒட்டுனது எப்படித் தெரியும்?”

“மைக்ராஸ்கோப்புல பாத்தா பச்சையா மினுங்கும்.”

“எந்த நோவுக்கு இது?”

“எந்த நோவுக்கும் இல்ல மதினி. கண்டுபிடிக்க மட்டுந்தான்.”

ஆக, அந்த ப்ரிஜ்ஜில் யாரையும் குணமாக்காத ஒரே சரக்கு அதுதான். அதற்குத்தான் நடு இடம்.

புத்தகம் ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். சிரித்தார். “மூணு வருசப் படிப்பும் அந்தப் பாட்டில்லதான் இருக்கு மதினி.”

படித்தவர் சொன்னதை அப்படியே நம்பினேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் பூஜை. கொழுந்தன் காலையிலேயே, வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த சிநேகிதரைப் பார்க்கக் கடையநல்லூருக்குப் போய்விட்டார். நான் கடைத் தராசிலிருந்து கல்லாப்பெட்டி வரை பொட்டு வைத்தேன். ப்ரிஜ்ஜுக்கு மூன்று பொட்டும் ஒரு மாலையும். பிறகு அத்தை பூஜைப் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“பி.எச்.டி. படிக்க பிள்ளை வீட்டுல, அவன் பொஸ்தகம் ஒண்ணு பூஜைக்கு இல்லியே. எங்கன இருந்து படிப்பு வெளங்கும்?”

எனக்குத்தான் படிப்பு இருக்கும் இடம் தெரியுமே. ப்ரிஜ்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை போட்டு, அதன்மேல் நிறுத்தி, மூடியில் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

“இது என்னட்டி?”

“கொழுந்தன் படிப்பு, அத்தை.”

அத்தை குனிந்து பார்த்தார். “இம்புட்டுத்தானா?”

பூஜை முடிந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை வரை யாரும் தொடக்கூடாது.

நாலு மணிக்குக் கொழுந்தன் வந்தார். நேரே போய் ப்ரிஜ்ஜைத் திறந்தவர் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பூஜைப் பக்கம் கையைக் காட்டினேன். பாய்ந்தார்.

“ஏலே, கை வச்சேன்னா பாத்துக்கோ!” என்றார் அத்தை. “இன்னிக்கு எடுத்தா படிப்பு போயிரும்.”

“எடுக்கலைன்னாத்தாம்மா போயிரும்! அது குளுந்த எடத்துல இருக்கணும்.”

“பூஜையில இருக்கது எப்படிலே கெடும்?”

முந்தின நாள் சாப்பாட்டு வேளையில்தான் சாமி கிடையாது என்று அண்ணனோடு ஒரு மணி நேரம் வாதாடியவர். இப்போது நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எடுக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்து வைத்தவள் நான். அந்த வீட்டுக்கு வந்து அத்தை முன்னால் மொத்தமாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கமாட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

“அத்தை, ப்ரிஜ்ஜுக்கும் பொட்டு வச்சு மாலை போட்டிருக்கே.”

“அதுக்கு?”

“அதுவும் பூஜையிலதான இருக்கு? பாட்டில் அதுக்குள்ள இருந்தாலும் பூஜையிலதான இருக்கும்?”

அத்தை யோசித்தார். “பூஜையில இருக்க சாமானத் தெறக்கலாமா?”

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். “மத்தியானமே ஒரு தடவ தெறந்தாச்சும்மா. இன்சுலின் கேட்டு ஆள் வந்துச்சு.”

“அப்படிச் சொல்லு. சரி, தாம்பாளத்தோட தூக்கி வை.”

வெற்றிலை, பூ, பழம், பாட்டில் எல்லாம் தாம்பாளத்தோடு உள்ளே போயின. அத்தை விடவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் நின்று நிதானமாகச் சூடம் காட்டினார்.

“எம்மா, கதவ மூடும்மா, குளிரு போவுது!” என்று கொழுந்தன் கெஞ்சினார்.

தீபாவளிக்குக் கொழுந்தன் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பச்சையாக மினுங்கியதாம். எல்லாம் அன்றைக்குக் காட்டிய சூடத்தால்தான் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னார். என் வீட்டுக்காரர் ப்ரிஜ் கம்பெனியைப் புகழ்ந்தார். கொழுந்தன் அடுப்படிக்கு வந்து என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மதினி, ஒரு பொழுது வெளிய இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எங்க சார் சொல்லிட்டாரு. அன்னிக்கு நான் அழுததுதான் மிச்சம். அம்மாட்ட சொல்லிராதீங்க.”

நான் சொல்லவில்லை.

அடுத்த வருசம் பூஜைக்கு நாலு நாள் முன்னால் என் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. என் பேருக்கு வந்த முதல் பார்சல். பஞ்சுக்குள் அதே பாட்டில். கூடவே ஒரு சீட்டு: “மதினி, அடுத்த மாசம் வாய்மொழித் தேர்வு. இதைப் பூஜையில் வைத்துவிடுங்கள். ப்ரிஜ்ஜில் வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும்.”

வெற்றிலை மேல் நிறுத்திப் பொட்டு வைத்தேன். அத்தை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னட்டி, காலியா இருக்கு?”

“படிச்சு முடிச்சிட்டாராம், அத்தை,” என்றேன்.