மஞ்சள் கட்டம்

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவில் எங்கள் முருகன் கோயிலின் அர்ச்சனை அட்டவணையைக் கம்பியூட்டரில் வைத்திருந்தவள் நான்தான். ஓ.எல். பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பெயரையும் நட்சத்திரத்தையும் பிழையில்லாமல் அடிப்பேன் என்று நம்பி நிர்வாக சபையார் கொடுத்த வேலை. குளித்து, திருநீறு பூசிய பிறகுதான் அந்தக் கதிரையில் உட்காருவேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் பெயர், அடுத்ததில் நட்சத்திரம், மூன்றாவதில் அவர் கடைசியாகக் கோயிலுக்கு நேரில் வந்த நாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது கட்டம் வெறுமையாகவே கிடக்கும். வீட்டார் வந்து அவர்கள் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டுப் போவார்கள்.

என் தம்பியின் கட்டமும் வெறுமைதான்; அட்டவணை தொடங்குமுன்பே அவன் ஊரைவிட்டுப் போயிருந்தான். அதற்கு மட்டும் மஞ்சள் நிறம் போட்டிருந்தேன். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. வெளிநாட்டு வேலை தேடிக் கொழும்பில் ஓர் அறையில் தங்கியிருந்தான். ஒருநாள் போனில், “அக்கா, இந்த அனுஷத்துக்கு எனக்காக நீங்க போய் நிக்க வேணாம். நானே வாறேன், எடத்த வச்சிருங்க” என்றான்.

“வச்சிருக்கேன்டா. மஞ்சப் பூசியே வச்சிருக்கேன்” என்றேன் சிரித்துக்கொண்டு. அன்றைக்கே அப்படிச் செய்தும் வைத்தேன்.

அனுஷம் வருவதற்குள் அவன் இருந்த வீதியில் ஆமியின் தேடுதல் நடந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், இவனையும்தான் என்றார் அறைக்காரர். பொலிஸ், முகாம், சிறைச்சாலை என்று நானும் என் கணவரும் அலைந்தோம். எங்கே கேட்டாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள்.

பிறகு கோயில் கம்பியூட்டர் பழுதாகிவிட்டது. என் நாத்தனார் கண்டி டவுனில் ஒரு கம்பியூட்டர் ஒபிஸில் இருந்தாள். அட்டவணைகளையும் ஆவணங்களையும் எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுதிச் சேமிக்கும் மென்பொருள் செய்வது அவர்கள் வேலை. வேறு ஒரு மெஷின் பார்த்து, அதில் தங்கள் மென்பொருளையே போட்டுக் கொடுத்தாள். தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று அவர்களுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய அட்டவணையை அதில் ஏற்றியதும் எழுத்தெல்லாம் நன்றாகத்தான் வந்தது. தம்பியின் கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மஞ்சள் போட்டுச் சேமித்தேன். மறுநாள் காலையில் திறந்தால் மறுபடியும் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டிய மூட்டையை அவிழ்ப்பதுபோல அவள் அந்த ஃபைலைப் பிரித்து உள்ளே இருந்ததைக் காட்டினாள். எல்லாம் கூரான அடைப்புக்குறிகள். வரிசை தொடங்குகிறது என்று ஒரு குறி. கட்டம் தொடங்குகிறது என்று ஒரு குறி. பிறகு தம்பியின் பெயர். கட்டம் முடிகிறது என்று ஒரு குறி. அதேபோல அனுஷம். அதோடு வரிசையே முடிந்துவிட்டது.

“மூணாவது கட்டம் எங்க புள்ள?”

“அதுல ஒண்ணும் எழுதல்லியே அண்ணி. ஒண்ணுமில்லாத கட்டத்த எழுத வேணாம்னு எங்க ஒபிஸ்ல முடிவு பண்ணியிருக்காங்க. இல்லாட்டி ஃபைல் சும்மா பெருத்துப் போகும்.”

பக்கத்தில் நின்ற என் கணவர், “அப்ப சோறு போடாத தட்டு ஒங்களுக்குத் தட்டே இல்ல” என்றார்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. அண்ணி, அதுல ஒரு புள்ளி வைங்க. புள்ளி இருந்தா கட்டம் நிக்கும், கலரும் நிக்கும்.”

விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. அது வந்த நாளை எழுதுகிற இடம். அவன் வராமல் அங்கே எதை வைப்பது?

“தகவல் இல்லைன்னு போடேன்” என்றார் கணவர் மெதுவாக.

“அது முருகனுக்குத் தெரியும். எழுத வேணாம்.”

அதற்குப் பிறகு கோயில் திறந்ததும் என் முதல் வேலை அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் போடுவதுதான். வாசலில் கோலம் போடுகிற மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. மத்தியானம் மூடுகிறபோது மட்டும் மனம் ஒரு மாதிரியாக இருக்கும். மூடினால் அழிந்துவிடும் என்று தெரிந்தே மூட வேண்டும்.

சில மாதங்கள் கழித்து நாத்தனார் புது மென்பொருளோடு வந்தாள். “அண்ணி, ஒங்களுக்காகன்னு சொன்னா பொய். வெறும் கட்டத்துல கோடும் கலரும் காணாமப் போகுதுன்னு எங்க மென்பொருள வாங்கின வெளிநாட்டுக்காரங்க கத்தியிருக்காங்க. அதான் மாத்திட்டாங்க.”

யாருக்காக மாறினால் என்ன. மஞ்சள் போட்டேன், சேமித்தேன், மூடினேன். உள்ளே பிரித்துக் காட்டச் சொன்னேன். தம்பியின் வரிசையில் அனுஷத்துக்கு அடுத்து இப்போது ஒரு சின்னக் குறி இருந்தது. கட்டத்தின் இடம் எது என்று ஓர் அடையாளம், நிறத்துக்கு ஓர் எண், உடனே முடிவுக் குறி.

“உள்ள ஒண்ணுமே இல்ல பாருங்க” என்றாள்.

“இருக்கட்டும் புள்ள” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்நிதிக்குப் போய் விழுந்து கும்பிட்டேன்.

யுத்தம் முடிந்து கோயிலில் மெஷினும் மாறிவிட்டது. புதிதாக எது வந்தாலும் முதலில் அவன் வரிசையைத்தான் திறந்து பார்க்கிறேன். மஞ்சளாகவே இருக்கிறது. நாளைக்கு அனுஷம். குருக்களய்யா பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார், சொல்வேன். அந்தக் கட்டத்தில் அடிக்க வேண்டிய நாளை அவன் வந்துதான் சொல்ல வேண்டும்.