எல்லை தாண்டிச் செத்தவன்

கருணை மனு எழுதுகிறவன் வீட்டுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவருவதில்லை. தென்காசிக் கோர்ட்டு வாசலில் மேஜை போட்டுப் பிழைக்கிற எனக்கு இது பழகிவிட்டது. உங்களில் யாராவது என் தொழில்காரர் இருந்தால், மேலே நான் சொல்லவே வேண்டாம்.

எதிர் பெஞ்சு

பத்திரம் எழுதுகிறவர்களோடுதான் காப்பி குடிக்கப் போவேன். அவர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவார்கள். எனக்கு எதிர் பெஞ்சு காலியாகக் கிடக்கும். தூக்குக் கைதியின் பெயரை எழுதுகிற கை என்று அவர்களுக்கு ஒரு பயம். ஒருநாள் கடைக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நாளையிலேர்ந்து காப்பிய உங்க மேசைக்கே கொடுத்து விட்டுருதேன். நீங்க இருந்தா ஒருத்தனும் உக்கார மாட்டுக்கான்."

எந்த அரசாங்கத்துக் கொலை

அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்காசி வெள்ளைக்கார சர்க்கார். சமஸ்தானத்தில் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டார்கள், இங்கே எடுக்கவில்லை.

அச்சன்புதூரிலிருந்து முத்தம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். செங்கோட்டைப் பக்கம் குத்தகை வயலில் தண்ணீர்த் தகராறு. அவள் புருஷன் பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் வெட்டிவிட்டான். வெட்டியது சமஸ்தானத்து மண்ணில்தான். ஆனால் வெட்டுப்பட்டவன் செத்தது தென்காசி ஆஸ்பத்திரியில். வெட்டியவனும் இந்தப் பக்கத்துக் குடி. அதனால் வழக்கு இங்கே நடந்து, தூக்கு என்று தீர்ப்பாகி, அப்பீலும் தள்ளுபடி. மிச்சம் இருந்தது கவர்னருக்கு ஒரு மனு.

வெட்டுப்பட்டவனை எல்லை தாண்டிக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். "நாந்தான் அண்ணாச்சி. கோர்ட்டுல வண்டிக்காரன் பேருதான் வந்துச்சு, எம் பேரு வரல, அவுகளுக்கும் தெரியாது. உசிரு கிடந்துச்சு, காப்பாத்திரலாம்னு இங்கன கொண்டாந்தேன்."

அந்த ஒரு வரி

மனுவுக்கு அதைவிட நல்ல நியாயம் கிடையாது. அங்கேயே கிடக்கவிட்டிருந்தால் வழக்கு சமஸ்தானத்தில் நடந்து, இவள் புருஷனுக்கு ஆயுள் தண்டனையோடு போயிருக்கும்; இவளுடைய இரக்கமே அவனுக்குத் தூக்காக வந்து முடிந்தது. அதை ஒரு வரியாக மனுவில் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எழுதுனது இருக்கட்டும். ஜெயில்ல அவுகளுக்கு வாசிச்சுக் காட்டுவாங்கல்லா, அப்ப அந்த வரிய மட்டும் விட்டுரச் சொல்லுங்க."

சாரலில்

பதில் எனக்கு வராது என்று தெரிந்தும் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்தான், செத்தான் என்று யாரும் வந்து சொல்வதும் இல்லை.

சாரல் காலத்தில் தனியாகக் குற்றாலம் போனேன். ஈரத் தலையோடு முத்தம்மாள் எதிரே வந்தாள். கழுத்தில் தாலி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. தண்டனையை ஆயுளாகக் குறைத்துவிட்டார்களாம். ஜெயிலில் புருஷனுக்கு அந்த வரியையும் சேர்த்தே வாசித்துவிட்டார்களாம். "'இன்னுங் கொஞ்சம் வெரசாக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பானேட்டி'ன்னு அழுதாக" என்றாள்.

எனக்கும் அழுகை வந்தது. இன்னும் இரண்டு வார்த்தை பேசமாட்டாளா என்று நின்றேன். கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. ஆனா இனி எங்கனயாவது கண்டா கூப்பிட்டுராதிய. உங்களப் பாத்தா அந்தக் கயிறுதான் கண்ணு முன்ன வருது."

தூக்கைக் குறைக்க மனுப் போடக் கவர்னர் இருக்கிறார். எதிர் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார யாருக்கு மனுப் போடுவது என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை.